கரையாத பெத்தம்மா

சூளைக் கதவைத் திறந்தபோது அவள் பொம்மைகளுக்கு நடுவில் நின்றாள்.

இந்தப் பக்கம் பிள்ளையார். அந்தப் பக்கம் உண்டியல் யானை. முன்வரிசையில் அகல் விளக்கு. நடுவில் பெத்தம்மா. ஒரு சாண் உயரம். வெள்ளை வெளேர் என்று இருந்தாள்.

வெளியே மழை. உள்ளே சூளையின் அனல் முகத்தில் அடித்தது. சுட்ட மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விழுந்த மண் மாதிரி இருக்காது. வெயிலில் வைத்த பானையை மோந்து பார்த்த மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

காதர் பாய்தான் அந்தப் பீங்கான் கம்பெனியில் சூளைக்காரர். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கி அடுக்கினேன். நடுவில் இருந்ததை எடுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். ணங் என்றது.

“தங்கச்சி, இது எந்த அச்சு? நம்ம அச்சு மாதிரி தெரியலியே.”

“அச்சு இல்ல பாய்.”

“பின்ன?”

“எங்க சாமி.”

அவர் கை அப்படியே நின்றது. கீழே வைக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

“யா அல்லா. பலகையில பொம்மையோட பொம்மையா இருந்துச்சு. நான்தான் எடுத்து அடுக்குனேன்.”

நான் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன். சூடு துணியைத் தாண்டி வயிற்றில் ஏறியது.

“சுட்டா என்னா தங்கச்சி? கெட்டியாதான ஆவும்? நல்லதுதான?”

“கெட்டியா ஆவக் கூடாது பாய். அதுதான் விஷயம்.”

எடுத்த மண்ணைத் திருப்பிக் கொடுப்பது

எங்கள் கூட்டம் மண் வெட்டும் கூட்டம். ஏரி, குளம், வாய்க்கால், கிணறு, ரோட்டுக்குக் கரை. எங்கே வேலையோ அங்கே குடிசை. வேலை முடிந்தால் குடிசையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். விருத்தாசலத்துக்கு வந்து ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் இறங்கியதைப் போன அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன்.

புது ஊரில் இறங்கியதும் கடப்பாரையைத் தரையில் போட மாட்டோம். முதலில் அந்த ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி எடுப்போம். பிசைந்து பெத்தம்மா பிடிப்போம். பெத்தம்மா என்றால் பெரிய அம்மா. கண்ணும் மூக்கும் விரலாலேயே. அடியில் கட்டைவிரலை விட்டு ஒரு குழி வைப்போம். அவள் மூச்சு விட. நிழலில் காய்ந்ததும் கடப்பாரையை அவள் முன்னால் கிடத்தி, “ரா தல்லி” என்று கூப்பிடுவோம். வா தாயே என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு.

கிளம்பும்போது அவளை அந்த ஊர்த் தண்ணீரிலேயே கரைப்போம். ஏரி, ஆறு, எது பக்கமோ அது. “போயி ரா தல்லி” என்போம். போய்வா தாயே.

நிற்கிற சாமியை விட்டுவிட்டு நாங்கள் கிளம்ப மாட்டோம். எங்களை மிஞ்சின கட்டளை அது. கூடவும் எடுத்துப் போக மாட்டோம். எடுத்த மண் எடுத்த இடத்துக்குத் திரும்பவேண்டும். எத்தனையோ ஊர் வெட்டினோம். ஒரு ஊர் மண்ணைக்கூட எடுத்துக்கொண்டு போனதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும்.

பிடிப்பதும் கரைப்பதும் மூத்த மருமகள் கை. ஆண்கள் தொடக் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு மேஸ்திரி என் மாமனார். அவருடைய மூத்த மகனுக்கு வாக்கப்பட்டவள் நான். ஆகவே அது என் கை.

எந்த ஊருங்க நீங்க?

நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கு என்று நாங்கள்தான் சொல்கிறோம். சீலிங் பேன் மாதிரி கடகடவென்று பேசும் ஆந்திரா லாரி டிரைவர்கள் கம்பெனிக்கு வருவார்கள். நான் ஒரு தடவை அவர்களிடம் பேசப்போய், அதில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, எங்க தாத்தாவோட தாத்தா இப்பிடி பேசியிருப்பாரு” என்றான். அரைத் தமிழில்தான் சொன்னான்.

வாசலுக்கு வெளியே தமிழ். வாசலுக்கு உள்ளே எங்கள் பேச்சு. நான் படித்தது மூன்றாவது வரைக்கும். அதுவும் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடம். எழுத்து தமிழில்தான் வந்தது. எங்கள் பேச்சுக்கு எழுத்தில்லை. அது வாயிலும் மண்ணிலும்தான் இருக்கிறது.

மண்ணிலும் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பேச்சில் மண்ணுக்கு நிறையப் பேர் உண்டு. அதைத் தமிழ் எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. அர்த்தம் மட்டும் சொல்கிறேன். கோடையில் வெடிக்கிற கரிசலுக்கு வாய் பேசுகிற மண் என்று பேர். உவர் மண்ணுக்கு அழுத மண். தோண்டினால் ஊற்று கசிகிற மண்ணுக்கு மடி சுரந்த மண். விருத்தாசலத்துப் பக்கம் வெட்டும்போது அடியில் வெளுப்பாகக் களி வரும். அதற்கு எங்களிடம் பேர் இல்லாமல் இருந்தது. மாமா அதை விரலில் தேய்த்துப் பார்த்து, தூங்குகிற மண் என்று பேர் வைத்தார்.

பேர் வைத்துவிட்டால் அந்த மண் நமக்கு உறவு. நாங்கள் அப்படித்தான்.

ஆனால் ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். “எந்த ஊருங்க நீங்க?” நான் முழிப்பேன். நான் பிறந்தது ஏதோ ஒரு வாய்க்கால் கரையில். எந்த வாய்க்கால் என்று அம்மாவுக்கே குழப்பம்.

மாமா முழிக்க மாட்டார். யார் கேட்டாலும் அடுத்து போகப்போகிற ஊரைச் சொல்வார். சேத்தியாத்தோப்பில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் கேட்டார். “திட்டக்குடி” என்றார் மாமா. திட்டக்குடிக்குப் போய்க் குடிசை போட்டபோது கேட்டார்கள். “விருத்தாசலம்” என்றார். விருத்தாசலத்தில் இறங்கிய அன்றைக்குக் கேட்டிருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பார்.

“ஏன் மாமா, பொய்தான இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பொய்யி ஏது? நேத்து இருந்தது முடிஞ்சுபோச்சு. இன்னைக்கி இருக்கிறது அடுத்தவன் ஊரு. நாளைக்கிதான் நம்முளுது” என்றார்.

அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படி.

மழை

விருத்தாசலத்தில் வேலை நீண்டது. ஒன்று முடிந்தால் ஒன்று. நடுவில் மண் வேலை இல்லாத மாதங்களில் நான் பீங்கான் கம்பெனிக்குப் போனேன். அச்சில் களிக்குழம்பை ஊற்றுவது, வடிப்பது, பிரித்தெடுத்து ஓரம் சீவுவது. அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் தரையே வெளுத்திருக்கும். சைக்கிள் டயர், நாய்க்கால், லாரி சக்கரம், எல்லாம் வெள்ளை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மகள் செல்வி சிரிப்பாள். “அம்மா, நீ பொம்மையாட்டம் இருக்கே” என்பாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படித்தது இந்த ஊரில்தான். பஸ் ஸ்டாண்டில் நான் எங்கள் பேச்சில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பக்கத்தில் வந்து, “தமிழ்ல கூப்புடும்மா” என்று முணுமுணுப்பாள். வீட்டுக்குள் வந்தால் எங்கள் பேச்சில்தான் சண்டை போடுவாள். சண்டைக்கு அதுதான் அவளுக்கு வசதி.

செல்போன் முதலாளி கையில் மட்டும் இருந்த காலம் அது. நாற்கர ரோடு எல்லாப் பக்கமும் போட ஆரம்பித்தார்கள். ஆந்திராவில் பெரிய ரோட்டு வேலை என்று கொழுந்தன் ஏழுமலை செய்தி கொண்டுவந்தான். மாமாவுக்கு முகம் மலர்ந்தது. அவர் முகம் மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“நம்ம பாஷ பேசுற ஊரு. அங்க போனா நீ யாருன்னு எவனும் கேக்க மாட்டான்” என்றார்.

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு தடவை அங்கே வேலைக்குப் போய் வந்தவர். “கேட்டானுவளே. வாயத் தொறந்ததும் தமிழாளான்னு கேட்டானுவ” என்றார்.

“நீ தமிழு கலந்து பேசியிருப்ப.”

“இங்க பேசுனா ஆந்திராவான்னு கேக்குறான். அங்க பேசுனா தமிழான்னு கேக்குறான். நான் எங்கதான் போயி வாயத் தொறக்கிறது?”

கிளம்புவது முடிவானது.

எனக்குப் போக மனசில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஏன் மனசில்லை என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது தெரியும். கம்பெனி வாசலில் காதர் பாய் மழைக்காக ஒருநாள் ஆட்டோ கூப்பிட்டுவிட்டு, “தங்கச்சி வூடு எங்க இருக்குதுன்னு அவருக்கு வழி சொல்லும்மா” என்றார். நான் கையை நீட்டி வழி சொன்னேன். லெவல் கிராசிங்கைத் தாண்டி, புளியமரத்துக்கிட்ட திரும்பி. அதற்குமுன் யாருக்கும் நான் என் வீட்டுக்கு வழி சொன்னதில்லை.

காதர் பாய்க்கு இது புரியும். குவைத்தில் பல வருஷம் இருந்து வந்தவர். “அங்க அரபு பேசுனேன், இந்தி பேசுனேன், மலையாளங்கூட பேசுனேன். ஆனா ராத்திரி கனவுல வர்றது மட்டும் நம்ம மணிமுத்தாறுதான். அதுவும் தண்ணி இல்லாத ஆறு. கனவுலயாவது தண்ணி வரக் கூடாதா?” என்பார்.

கிளம்புவதற்குள் ஒரு காரியம் இருந்தது. விருத்தாசலத்துக்கு வந்து பிடித்த பெத்தம்மா வெடித்து விழுந்திருந்தாள். உடைந்ததைக் கரைக்கக் கூடாது. புதிதாகப் பிடித்து, பூசை போட்டு, அதைக் கரைக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாசல் முழுக்கச் சேறு. சேற்றில் பெத்தம்மா நிற்க மாட்டாள். கம்பெனியில் மேஜைக்கடியில் சிந்திக் கெட்டியான களி கிடந்தது. இந்த ஊரில் என் கை அதிகம் பிசைந்த மண் அதுதான். முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். உணவு நேரத்தில் உட்கார்ந்து பிடித்தேன்.

குடிசையில் எல்லா இடமும் ஒழுகியது. காய வைக்க இடமில்லை. சூளைக்குப் பக்கத்துப் பலகையில் அனல் இருக்கும். அங்கே வைத்துவிட்டு வந்தேன். தினம் காலையில் தொட்டுப் பார்ப்பேன். நன்றாகக் காய்ந்து வந்தாள். பிறகு எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து சூளை ஏற்றினார்கள்.

முந்தானையில் கொண்டுபோனது

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் வைத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

ஓரகத்தி பொன்னிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஏழுமலை பெண்டாட்டி. மூட்டை முடிச்செல்லாம் கட்டி வைத்திருந்தவள். “அக்காவுக்கு இந்த ஊரு பொம்ம மேல ஆச. சாமியையே பொம்ம ஆக்கிட்டாங்க” என்றாள்.

“வாய மூடு” என்றார் என் வீட்டுக்காரர்.

“நான் ஏன் மூடணும்? லாரி வந்து நிக்கப்போவுது. இத எங்க கொண்டுபோயிக் கரைக்கிறது? சட்டியில போட்டு வேக வெக்கிறதா?”

செல்வி சிரித்துவிட்டாள். பொன்னிக்குமே சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை.

“அங்கம்மா” என்றார். “நீ செஞ்சதா?”

“இல்ல மாமா.”

“போறதுக்கு உனக்கு இஷ்டம் இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“இஷ்டம் இல்லதான். ஆனா நான் சுடல. இந்த மண்ணு மேல ஆணை.”

எங்களில் மண் மேல் ஆணையிட்டால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். மாமாவும் கேட்கவில்லை. ஆனால் பொன்னியின் பார்வை மாறவில்லை. ஏழுமலையும் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். அது எனக்கு வலித்தது. இருப்பதா போவதா என்பதைவிட அது வலித்தது.

மழையில் குடையோடு காதர் பாய் வந்தார். நான் கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றார்.

“பெரியவரே, எம்மேலதான் தப்பு. தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. எது கேட்டாலும் செய்யிறேன்.”

“உள்ள வாங்க பாய். நனையிறீங்க” என்றார் மாமா.

பாய் உள்ளே வந்து குந்தினார். பெத்தம்மாவைப் பார்த்தார். “ஒண்ணு சொல்றேன். கோச்சுக்காதீங்க. இப்பிடிக் கையால பிடிச்ச கட்டி மண்ணு சூளையில நிக்காது. வெடிச்சிரும். கூட இருக்கிறதையும் ஒடச்சிரும். இது வெடிக்கல. ஒரு கீறல் இல்ல. அடியில குழி இருக்குது பாருங்க, அதுதான் காப்பாத்திருக்குது.”

“அது குழி இல்ல பாய். மூச்சு” என்றேன்.

“சரி தங்கச்சி. மூச்சுதான் காப்பாத்திருக்குது.”

மாமா குனிந்து பெத்தம்மாவைப் பார்த்தார். பிறகு, “காலையில ஆத்துக்குப் போவலாம். கரையிதான்னு பாப்போம்” என்றார்.

கரையாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் செய்வதைச் செய்துதான் ஆகவேண்டும்.

ஆற்றில்

மழை விட்டிருந்தது. மணிமுத்தாற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. பழமலைநாதர் கோயில் பக்கத்துப் படியில் யாரோ காரியம் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி இறங்கினோம்.

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். பெத்தம்மாவை இரண்டு கையிலும் ஏந்தி அமிழ்த்தினேன். “போயி ரா தல்லி” என்றேன்.

எப்போதும் என்ன ஆகும் என்றால், முதலில் மூக்கு போகும். பிறகு தோள். கை நிறைய வழவழவென்று ஆகும். விரல் இடுக்கில் அவள் இறங்கிப் போவது தெரியும். கடைசியில் கையில் தண்ணீர் மட்டும் இருக்கும். அப்போது அழுகை வரும். எல்லாரும் அழுவோம். அழுதுவிட்டு மூட்டையைத் தூக்குவோம்.

அன்றைக்கு எதுவும் போகவில்லை. மூக்கு அப்படியே இருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது எனக்கு. அவள் குளிர்ந்தாள், அவ்வளவுதான்.

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கவில்லை அவருக்கு.

“ஏம்மா, என்னா செய்யிற?”

“சாமி கரைக்கிறேங்க.”

“அது பீங்கானு மாதிரி இருக்குதே?”

“ஆமாங்க.”

“எலும்பே கல்லாவுற ஆறும்மா இது. காசிக்கும் மேலன்னு எங்கிருந்தோ எலும்பக் கொண்டாந்து போடுறாங்க. நீ என்னடான்னா கல்லக் கொண்டாந்து கரைக்கிற!”

பொன்னி களுக்கென்று சிரித்தாள். எனக்கும் உதடு துடித்தது. கரையில் மாமா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஏழுமலை கத்தினான். “அண்ணி, அப்பிடியே விட்டுட்டு ஏறுங்க. தண்ணியோட போயிரும். லாரிக்கு நேரமாவுது.”

“முழுசா விட்டா அது கரைச்சது ஆவாது. தொலைச்சது ஆவும்” என்றேன்.

நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு அது வந்துவிட்டது. எங்கள் பேச்சில்தான் சொன்னேன். தமிழில் அவ்வளவு சத்தமாக எனக்கு வராது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். என் கையிலிருந்து பெத்தம்மாவை வாங்கினார். ஆண்கள் தொடக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? தொட்டார். கட்டைவிரலால் அவள் தோளைத் தேய்த்தார். மண்ணைத் தேய்த்துப் பார்த்துப் பேர் வைக்கிற அதே விரல். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தண்ணீரில் கொஞ்சம்கூட நிறம் இறங்கவில்லை.

“நீ என்னம்மா சொல்ற?” என்று என்னைக் கேட்டார்.

எங்கே போவது, எப்போது போவது என்று அவர் அதுவரை எந்தப் பெண்ணையும் கேட்டதில்லை. என் மாமியார் இருந்த காலத்தில் அவரையும் கேட்டதில்லை.

“இங்கியே இருக்கட்டும் மாமா. நாங்களும் இருக்கிறோம்.”

மாமா ஆற்றைப் பார்த்தார். பிறகு பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நாம ஏன் கரைக்கிறோம்? நாம போன பெறவு அவ தனியா நிக்கக் கூடாது. நம்ம பேச்சு தெரியாத ஊருல, கூப்புட ஆளில்லாம நிக்கக் கூடாது. அதுக்குத்தான் கரைக்கிறோம். இங்க அங்கம்மா இருந்தா அவ தனியா இல்ல. ஏழுமல, நீங்க கெளம்புங்க. அந்த ஊரு மண்ண எடுத்துப் பொன்னி பிடிக்கட்டும்.”

பொன்னி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. பிடிக்கிற கை அவளுக்கு வந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஈரக் கை.

“அக்கா, மூக்கு எனக்கு நல்லா வராது” என்றாள்.

“கோணையா வந்தாலும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றேன்.

யாரும் சொல்லாத சொல்

லாரி கிளம்பிய பிறகு பார்த்தால் மாமாவின் மூட்டை குடிசையிலேயே இருந்தது.

“நீங்க போவலியா மாமா?”

அவர் கடப்பாரையைக் கொண்டுவந்து பெத்தம்மா முன்னால் கிடத்தினார். வேலை தொடங்கும்போது கிடத்துவோம், கும்பிட்டுவிட்டு எடுப்போம். அவர் கும்பிட்டார். எடுக்கவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. துரு ஏறாமல் நான் எண்ணெய் போடுகிறேன்.

எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மறுநாள் காலையில் விளக்கேற்றி அவள் முன்னால் நின்றேன். என்ன சொல்லிக் கும்பிடுவது? எங்களிடம் இருப்பது வரவேற்கிற சொல். வழியனுப்புகிற சொல். ரா தல்லி. போயி ரா தல்லி. பாட்டெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான். வந்து, நின்று, போகாமல் இருக்கிற அம்மனுக்குச் சொல்ல எங்கள் முன்னோர் எதுவும் விட்டுப்போகவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தமிழில் கும்பிடலாமா என்று யோசித்தேன். “அதுக்குத் தமிழு தெரியுமாம்மா?” என்று செல்வி கேட்டாள். “தெரியும். இந்த ஊரு களிமண்ணுதான?” என்றேன். இருந்தாலும் அவளைக் கூப்பிட்டது நாங்கள். எங்கள் பேச்சில்தானே பதில் சொல்லவேண்டும்.

உண்டு என்பது எங்கள் பேச்சில் இரு என்பதற்குச் சொல். மாட்டிடம் சொல்வோம். ஓடுகிற குழந்தையிடம் சொல்வோம். கிணற்றில் இறங்குகிறவனிடம் மேலே இருந்து சொல்வோம். அம்மனிடம் யாரும் சொன்னதில்லை.

“இக்கட உண்டு தல்லி” என்றேன்.

இங்கே இரு தாயே. சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தப்பு செய்த மாதிரியும் இருந்தது, பெரிய காரியம் செய்த மாதிரியும் இருந்தது. திரும்பினால் மாமா பின்னால் நிற்கிறார். கேட்டுவிட்டார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

சொன்னேன். அவரும் கூடவே சொன்னார். செல்வியும் சொன்னாள்.

எழுத்தில்லாத பேச்சு எங்களுடையது. அதில் ஒரு வேண்டுதல் குறைவாக இருந்தது. அதை நான் சேர்த்தேன். மூன்றாவது வரை படித்தவள். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

காதர் பாய் சில நாள் கழித்து வந்தார். அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. “பெரியவரே, கிளேசு போட்டு இன்னொரு தடவ சுட்டுத் தரவா? பளபளன்னு இருக்கும்” என்றார்.

“வேணாம் பாய். பளபளன்னு இருந்தா எவனாவது வெல கேப்பான்” என்றார் மாமா.

கம்பெனித் தெருவில்

மாமா பிறகு கம்பெனியில் காவலுக்கு உட்கார்ந்தார். வாசலில் ஒரு ஸ்டூல், கையில் ஒரு கம்பு. மண் ஏற்றி வரும் லாரிகளைப் பார்த்துக் கேட்டைத் திறப்பார். எதிரில் டீக்கடை. பகலெல்லாம் அங்கேயும் இங்கேயுமாக நடப்பார். அவர் செருப்பும் வெளுத்துப்போனது.

ஏழுமலை ஆந்திராவிலிருந்து ஒரு தடவை வந்தான். “என்னடா, உங்க பாஷ ஊரு எப்பிடி?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “நல்லாதான் இருக்குது. நம்மள அரவம்னு கூப்புடுறானுவ” என்றான். அரவம் என்றால் அங்கே தமிழ். பொன்னி பிடித்த பெத்தம்மாவுக்கு மூக்கு கோணல்தானாம். ஆனாலும் நன்றாகக் கரைந்தாளாம். கேட்டுக்கொண்டிருந்த மாமா எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ. வெயில் சாய்ந்த நேரம். ஓரம் சீவிய பொம்மைகளை நான் வாசலில் காய வைத்துக்கொண்டிருந்தேன். ஆந்திரா நம்பர் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் சின்ன வயசுக்காரன். இறங்கி டீ வாங்கிக்கொண்டு மாமாவிடம் ஏதோ வழி கேட்டான். கை சைகையும் உடைந்த தமிழுமாகக் கேட்டான். மாமா எங்கள் பேச்சில் பதில் சொன்னார். அவன் கண் விரிந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டத்தில் வந்தான்.

“ஏ ஊரு, தாத்தா?” என்றான்.

எந்த ஊர் தாத்தா நீங்கள்.

நான் கையில் பொம்மையோடு நின்றுவிட்டேன். அடுத்து போகிற ஊரைச் சொல்கிற மனுஷன் அவர். அடுத்து என்று இப்போது எதுவும் இல்லை. என்ன சொல்லப்போகிறாரோ.

மாமா அவசரப்படவில்லை. கம்பைத் தூக்கி, தான் நிற்கிற இடத்தில் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளையாகத் தூசி எழும்பியது.

“இதே” என்றார்.